தம்பிக்காகச் சொன்ன கபூல்

என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணமா, அப்படியென்றால் யாரைத்தான் கட்டிக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். கேட்டுக்கொள்ளட்டும். இதே கேள்வியை ஒரு கான்சல் ஆபீஸ் வருஷக்கணக்கில் என்னிடம் கேட்டது. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் இளவயது போய்விட்டது.

எந்த நாட்டு ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் அந்த நாட்டின் பெயரை யாரும் சொல்வதில்லை. அக்கரை என்பார்கள், அவ்வளவுதான். ஐம்பதுகளில் எங்கள் பேகம்பூர்ப் பக்கம் அக்கரையில் ஆள் இல்லாத வீடு குறைவு. அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, தோல் மண்டி. அத்தாவின் அக்காள்தான் எனக்கு மாமி, பிறகு மாமியாரும் அவர்தான். மாமிக்கு இரண்டு மகன்கள். பெரியவர் அத்தாவோடு மண்டியில் இருந்தார். அவரைப் பெரிய மச்சான் என்போம். சின்னவர் மீசை முளைக்கிற வயதில் கப்பலேறி, அக்கரையில் சொந்தக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் பாவாடை கட்டிய காலத்தில் அவர் ஊரைவிட்டுப் போனார். என் ஞாபகத்தில் இருந்ததெல்லாம் சைக்கிள் மிதிக்கிற அவர் முதுகு மட்டும்.

அவருக்குத்தான் என்னைப் பேசி முடித்தார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து அக்கரையில் சட்டத்தை இறுக்கினார்கள். ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை. அவர் சம்பாத்தியத்தில்தான் மாமி வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் மாப்பிள்ளை வராமலே நிக்காஹ் வைப்பது என்று முடிவானது. எங்கள் ஜமாஅத்தில் அது புதிதும் இல்லை, குற்றமும் இல்லை. தனக்குப் பதிலாகத் தன் அண்ணன் ஒப்புக்கொள்வார் என்று மாப்பிள்ளை எழுதி, அங்கே பள்ளிவாசலில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். அப்படியே அனுப்பினார்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில் பெரிய மச்சான் மாலையும் தலைப்பாகையுமாக உட்கார்ந்தார். நிக்காஹ் நடத்தி வைத்த ஹஜரத் கேட்டதற்கு, என் தம்பிக்காகக் கபூல் செய்தேன், ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னார். பதிவேட்டில் மேலே என் கணவர் பெயர் எழுதியிருந்தது. கீழே மாப்பிள்ளை கையெழுத்துப் போடும் இடத்தில் பெரிய மச்சான் போட்டார். உள்ளே பெண்கள் பக்கத்தில் மாமி எனக்குத் தாலியாகக் கருகமணி கட்டினார். பெரிய மச்சானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கன்னத்தில் குழி விழச் சிரிக்கிறவள், வாய் சும்மா இருக்காது. என் காதருகே குனிந்து, "இன்னிக்கு ஒரு நா எம் புருசனை இரவல் குடுத்திருக்கேன்டி. பத்திரமாத் திருப்பிக் குடுத்துரு" என்றாள். நான் தலை நிமிராமல் சிரித்தேன். கல்யாணத்தில் எனக்கு நன்றாக ஞாபகமிருப்பது அந்தச் சிரிப்புத்தான்.

ஸ்டூடியோக்காரர் வந்து ஆண்கள் பக்கத்தைப் படம் எடுத்தார். மாலை போட்டவர் நடுவில் உட்காராமல் வேறு யார் உட்காருவது? பெரிய மச்சான் நடுவில், அத்தா ஒரு பக்கம், ஹஜரத் ஒரு பக்கம். எங்களில் ஒருவருக்கும் அதில் எந்தக் கோளாறும் தெரியவில்லை.

பிறகு என் கணவர் அக்கரையில் மனுப் போட்டார், மனைவியை வரவழைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. இங்கிருந்து நாங்கள் நிக்காஹ் பதிவின் நகலை மெட்ராஸில் இருந்த அவர்கள் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அக்கரையில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட ஒருவர், கல்யாணப் படத்தையும் சேர்த்து வையுங்கள், சீக்கிரம் முடியும் என்று யோசனை சொன்னார். அத்தா சந்தோஷமாக அந்தப் படத்தை அட்டையில் ஒட்டி, மடங்காமல் கட்டி அனுப்பினார். நான் பெட்டியைத் துடைத்து வெயிலில் காயவைத்தேன். புதுச் சேலை எதையும் உடுத்தாமல் எடுத்து வைத்தேன். கப்பலில் வாந்தி வருமாமே என்று அக்கா எனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள்.

பதில் வந்தது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனாலும் பொருள் பிடிபட்டுவிடும். மனுதாரர் தன் மனைவி என்று சொல்லும் இந்தப் பெண், பதிவின் கையெழுத்துப்படியும் திருமணப் படத்தின்படியும் வேறொருவரின் மனைவி என்று எழுதியிருந்தார்கள். அந்த வேறொருவர் யார் என்று பெயரும் போட்டிருந்தார்கள். பெரிய மச்சானின் பெயர்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், வயிறு வலிக்கச் சிரித்தோம். பெரிய மச்சானுக்கு வெட்கத்தில் காதெல்லாம் சிவந்துவிட்டது. அக்கா அவரைப் பார்த்து, இந்த வயசில் உங்களுக்கு ரெண்டாம் தாரமா என்று கேலி செய்தாள். மாமிகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அத்தாதான், கீழே இன்னும் ஏதோ இருக்கே, அதையும் வாசிம்மா என்றார். வாசித்தேன். மனுதாரர் பொய்யான தகவல் கொடுத்தது பற்றி அங்கே விசாரிக்கப்படும் என்று இருந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒரு கடிதம் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். யாரோ அவசரத்தில் பார்த்தது, விளக்கிச் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று. ஜமாஅத்தில் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தார்கள். கோர்ட்டுக் கச்சேரிப் பக்கம் ஒரு வக்கீலைப் பிடித்து அத்தா பிரமாணப் பத்திரம் எழுதினார். எல்லாம் போயின. திரும்பி வந்ததோ ஒரே மாதிரி அச்சடித்த கடிதம், உங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படும் என்று. யார் கவனித்தார்கள்? எதைக் கவனித்தார்கள்? தபால்காரர் எங்கள் தெருமுனையில் திரும்பினாலே என் கை வேலையை விட்டுவிடும். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது, அந்த மனிதர் மேலேயே எனக்குக் கோபம் வரும். அவர் என்ன பண்ணுவார், பாவம்.

கடைசியில் நேரில் வரச் சொல்லி எழுதினார்கள். அத்தாவுக்கு ஒரே உற்சாகம். மாலை போட்டவரையே கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவோம், அவர் வாயாலேயே சொல்லட்டும், அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. இப்படி ஒரு யோசனை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும். நாங்கள் மூன்று பேரும் ரயிலேறி மெட்ராஸ் போனோம்.

அந்த ஆபீசில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காலையில் போனது, உச்சிப்பொழுது வரை யாரும் கூப்பிடவில்லை. லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அத்தா கை கால் முகம் கழுவி ஒளுச் செய்ய வெளியே குழாயைத் தேடிப் போனார். அவர் போன செத்த நேரத்தில் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டபோது போகாவிட்டால் திரும்பக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று பயம். நானும் பெரிய மச்சானும் எழுந்து போய் நின்றோம். இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து போய் நிற்கக்கூடாத ஒரே இடம் அதுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நம் ஊர்த் தமிழர்தான். படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"மாலையோட இருக்கறது இவருதானே?"

"ஆமாங்க. எங்க வீட்டுக்காரரோட அண்ணன்."

"இந்தக் கையெழுத்து?"

பெரிய மச்சானுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "என் கையெழுத்துத்தாங்க" என்றார்.

"அப்பறம் என்னம்மா?"

சொன்னேன். தம்பிக்காக அண்ணன் கபூல் சொன்னார், எங்களில் அது உண்டு, அவர் எழுதிக்கொடுத்த தாள் இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஒருத்தருக்காக இன்னொருத்தர் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போடலாம், கடனுக்கு ஜாமீன் நிற்கலாம், தாலி கட்டிக்க முடியுமாம்மா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. ஆளை அனுப்பி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நல்ல மனுஷர். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

அத்தா ஈரத் தாடியோடு திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது. சாப்பாட்டு நேரமாம். சாயங்காலம் வரை நின்று பார்த்தோம். எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது, ஊருக்குப் போங்கள் என்றார்கள். அவர் என்ன எழுதினார் என்பது அடுத்து வந்த கடிதத்தில்தான் தெரிந்தது. சம்பந்தப்பட்ட பெண் தன் கணவருடன் நேரில் ஆஜரானார் என்று எழுதியிருந்தார்.

இதை நான் வாசித்துச் சொன்னபோது அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையை முறத்தோடு தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

வக்கீலிடம் போனால் அவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். பெரியவர் இந்தப் பெண்ணைத் தலாக் விட்டதாக முத்திரைத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும், காத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் தம்பியோடு புதிதாக நிக்காஹ் பதிவு பண்ணுங்கள், ஆபீஸ்காரன் வாயை மூடிவிடலாம் என்றார். அத்தா அதை ஹஜரத்திடம் கேட்டார். ஹஜரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கட்டாத பெண்ணை எப்படி விடுவது, இது என்ன விளையாட்டா என்று கேட்டு, கதவைச் சாத்தாத குறையாக அனுப்பிவிட்டார். ஆனால் பெரிய மச்சான் மனசு கேட்கவில்லை. தம்பியை அங்கே விசாரணைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலைக்கழிக்கிறார்கள் என்று கடிதம் வந்திருந்தது. ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு கையெழுத்தால வந்த வினை. இன்னொரு கையெழுத்தால போகட்டுமே. நான் எழுதிக் குடுத்துர்றேன்."

அக்கா அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க தலாக்குன்னு எழுதினா, இத்தனை நாளு நான் உங்க பொண்டாட்டியா இருந்தேன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும் மச்சான். நான் செத்தாலும் மாட்டேன்."

நான் சொல்லி முடிக்கும் முன்பே அக்கா போய்விட்டாள். அவள் காதில் விழுந்தது புருஷன் சொன்னது மட்டும்தான். என்னைத் தலாக் விடுகிறேன் என்று அவர் வாயில் வந்ததே, அதுவே அவளுக்குப் போதும். மறுநாள் சித்தையன்கோட்டையில் இருந்த தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

நானும் மாமியும் சித்தையன்கோட்டைக்குப் போனோம். அக்கா எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. இலை போட்டுச் சோறு வைத்தாள், வெஞ்சனம் வைத்தாள், மாமிக்குப் பிடித்த கறிக்குழம்பு ஊற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. புறப்படும்போது மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"இவ காயிதத்துல எம் புருசன் பேரு இருக்குல்ல மாமி, அதை அழிச்சுட்டு வந்து கூப்புடுங்க. வாரேன்."

என்னால் அழிக்க முடிந்தால் நான் அழித்திருக்க மாட்டேனா? யார் பேனாவோ எழுதியது. அந்தப் பேனா இருக்கிற மேசை எங்கோ இருந்தது. பஸ்ஸில் வரும்போது மாமி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்கு வாய்விட்டு அழக்கூட இடமில்லை, பஸ் நிறையச் சந்தைக்குப் போகிற ஜனங்கள்.

நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, அடுத்த நோன்பும் வந்தது. அக்கா வரவில்லை. பெரிய மச்சான் எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். தெருவுக்கும் வாய் இருக்கிறதே. கல்யாணமாகிப் போனவள் என்று என்னை ஒரு விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள், புருஷன் முகம் பார்க்காதவள் என்று அடுத்த விசேஷத்தில் தள்ளி உட்கார வைப்பார்கள். அவன் அங்கே வேறு ஒருத்தியை வைத்திருப்பான், அதனால்தான் இம்புட்டு இழுக்கிறது என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவள் கையில் இருந்த வெற்றிலைத் தட்டைத் தட்டிவிட்டேன். அதற்கும் அத்தாதான் போய் மன்னிப்புக் கேட்டார்.

என் கணவரின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஆரம்பத்தில், மதினிக்கு என் சலாம் சொல்லவும் என்று என்னையே அண்ணன் மனைவியாக்கிக் கேலி பண்ணி எழுதுவார். வர வர எழுத்துக் குறைந்தது. விசாரணைக்குப் போனேன், திரும்ப வரச் சொன்னார்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர் அங்கே தங்கும் அனுமதியையும் இப்போது சிறிது சிறிதாகத்தான் நீட்டிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டிருந்தார். வாருங்கள் என்று எழுதத் தாளை எடுத்துவிட்டேன். ஆனால் வந்தால், பொய் சொல்லிப் பிடிபட்டு ஓடிப்போனவன் என்று எழுதிக்கொள்வார்கள், திரும்பப் போகவே முடியாது. மாமி வீட்டு அடுப்பை நினைத்தேன். பொறுத்திருங்கள் என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

அதற்கு அப்புறம் அவர் பிடிவாதமாக ஒரு காரியம் செய்தார். முதலில் அவர் எழுதிக்கொடுத்த தாளுக்குச் சாட்சி போட்ட இரண்டு பேரையும் தேடிப் பிடித்து, அங்கே ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் பண்ண வைத்தார். இங்கே நான் என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய், பெரிய சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஹஜரத் எழுதிக்கொடுத்த விளக்கத்தைத் தானே இங்கிலீஷில் டைப் அடித்துத் தந்தார். அடிக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "நீ சம்மதிச்சுத்தான் நடந்ததா?" என்று கேட்டார். ஆமாம் சிஸ்டர் என்றேன். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர். எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். மெட்ராஸ் ஆபீசில் அதற்குள் பழைய ஆட்கள் மாறியிருந்தார்கள் என்று கேள்விப்பட்டோம்.

பதில் ஒரு மத்தியானம் மண்டிக்கு வந்தது. அத்தா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். வேட்டியெல்லாம் தோலுக்குப் போடும் உப்பின் தூசி. நின்றபடியே வாசித்தேன். முன்பு பதிவு செய்ததில் தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம், நிக்காஹ் நடந்த நாள் முதல் இந்தப் பெண் மனுதாரரின் மனைவி என்று ஏற்றுக்கொள்கிறோம் என்று இருந்தது. என் கணவர் பெயர் முழுசாக, சரியாக இருந்தது. அத்தா அங்கேயே மண்டியிட்டு சஜ்தாவில் விழுந்தார். மாமி சீனி வாங்க ஆள் அனுப்பினார். விஷயம் எட்டியதும் பெரிய மச்சான் சித்தையன்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

கடிதத்தில் இரண்டாவது பக்கம் இருந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் போனபிறகு சமையல்கட்டில் நின்று வாசித்தேன். ஒரு தடவை வாசித்தேன், நம்பாமல் இன்னொரு தடவை வாசித்தேன். இடைப்பட்ட காலத்தில் அந்த நாட்டில் புதுச் சட்டம் வந்துவிட்டது. கல்யாணமாகிக் குறிப்பிட்ட வருஷங்களுக்கு மேல் கணவனைப் பிரிந்து வெளிநாட்டில் வாழ்ந்த மனைவியை இனி உள்ளே விடுவதற்கில்லை. நிக்காஹ் நாள் முதல் நான் அவர் மனைவி என்று இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார்கள் அல்லவா, அதனால் அந்த நாள் முதல் அவரைப் பிரிந்து வாழ்ந்தவளும் ஆகிவிட்டேன். அவர்கள் பண்ணிய தவறைத் திருத்தப் போன வருஷங்கள் முழுவதும் என் கணக்கில் ஏறிவிட்டன. மனு நிராகரிக்கப்படுகிறது என்று முடித்திருந்தார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. அத்தா செத்த நேரம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சீனி கொடுத்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பது எத்தனை பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தி சாயும் நேரம் அக்கா வந்தாள். வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நேரே சமையல்கட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மெலிந்துபோயிருந்தாள். தப்பா நெனைச்சுப்புட்டேன்டி என்று என் தோளில் சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன், இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காக. பிறகு சீனி டப்பாவை எடுத்து, ஒரு பிடி அள்ளி என் வாயில் போட்டாள்.

"இனிமே நீ அவரு தம்பி பொண்டாட்டின்னு சர்க்காரே சொல்லிருச்சு. எப்பக் கப்பல்?"

சீனி கரையட்டும் என்று காத்திருந்தேன்.

"கப்பல் இல்லக்கா. பொண்டாட்டின்னு ஒத்துக்கிட்டாங்க. இம்புட்டு வருசமாப் பிரிஞ்சிருந்த பொண்டாட்டிங்கிறதால, வர வேணாம்னுட்டாங்க."

அக்காவுக்கு விளங்கவில்லை. டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதான் பேரு சரியாயிருச்சேடி" என்றாள். முன்வாசலில் அத்தா யாரிடமோ எந்த ரயிலில் போவது, மெட்ராஸில் எங்கே தங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கும்படி நான் மறுபடியும் சொன்னேன்.